கொட்டாவியின் ஞாபகசக்தி

உலகத்தில் நடந்துகொண்டிருக்கும் போர்கள் சற்று நிறுத்திவைக்கப்படட்டும். கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரம் போட்டுக் காத்திருக்கட்டும். மந்திரிகள் தங்கள் உரைகளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். பன்னிரண்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு, ஆறாம் வகுப்பு முதல் தான் கடந்துவந்த பாதையைத் திரும்பிப் பார்க்கப் போகிறது.

அந்தப் பாதை பெரும்பாலும் கேன்டீனுக்கும் கழிவறைக்கும் நடுவில்தான் போய் வந்தது என்பது வேறு விஷயம். பிரிவுபசார விழாவில் வகுப்பின் சார்பாக ஒருவர் மேடையேறி, ‘திரும்பிப் பார்க்கிறோம்’ என்று பேசியே ஆகவேண்டும் என்பது அந்தப் பள்ளியின் வழக்கம். பேசுவது யார் என்பதைச் சீட்டு எழுதிப் போட்டுத் தீர்மானிப்பதில்லை. கை தூக்கியும் தீர்மானிப்பதில்லை. பேச ஆசைப்படுகிறவர்கள் கரும்பலகைக்கு முன்னால் வந்து நிற்பார்கள். யாருக்கு யார் வேண்டுமோ அவர் பின்னால் போய் வரிசையில் நிற்க வேண்டும். வால் நீளமாக இருப்பவர் ஜெயித்தவர்.

அந்த மதியம் கரும்பலகைக்கு முன்னால் ஒரே ஒருவன்தான் வந்து நின்றான். அவன் லீடர்.

ஆறாம் வகுப்பில் சாக்பீஸ் பெட்டியைக் கையில் வாங்கியவன் இன்னும் அதைக் கீழே வைக்கவில்லை. ஆசிரியர் வெளியே போன மறுகணம் பலகையில் ‘பேசுபவர்கள்’ என்று தலைப்பிட்டு, அடியில் கோடு கிழித்து, பெயர்களை எழுத ஆரம்பித்துவிடுவான். மறுபடியும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. இந்த வகுப்பை ஆளாக்கியது அந்தப் பெருக்கல் குறிகள்தான் என்று அவன் மனப்பூர்வமாக நம்பினான். உரையையும் எழுதி முடித்து, மனப்பாடம் செய்து, குளியலறைக் கண்ணாடி முன்னால் பலமுறை நிகழ்த்தியும் ஆயிற்று. ‘என் பொறுப்பில் இந்த வகுப்பு’ என்று தொடங்கும் அந்த உரையில் ‘நான்’ வராத வாக்கியத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. லீடர் திரும்பவில்லை. திரும்பிப் பார்ப்பது கௌரவமாக இருக்காது. சற்றுப் பொறுத்து மெல்லத் திரும்பினான். அவனுடைய பெஞ்சுத் தோழன் ஒட்டடைக்குச்சி மட்டும் நின்றுகொண்டிருந்தான்.

“மத்தவங்க எங்கடா?”

ஒட்டடைக்குச்சி கடைசி பெஞ்சைக் காட்டினான். அங்கே ஜன்னலோரத்தில் ஒருவன் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் பின்னால் மொத்த வகுப்பும் வளைந்து வளைந்து வரிசையில் நின்றது. வால் கதவைத் தாண்டி வராந்தாவில் நீண்டிருந்தது. அவன் எழுந்துவிடக் கூடாதே என்று எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“அவன் வேணும்னுகூடச் சொல்லலையே, தூங்கிட்டுல்ல இருக்கான்!” என்றான் லீடர்.

“அதான்டா ஜாலி. ஒரு நிமிஷம் இரு, டஸ்டர் அங்க கிடக்கு, எடுத்துட்டு வந்துடறேன்” என்று ஒட்டடைக்குச்சி போனான். போனவன் அந்த வரிசையின் கடைசியில் நின்றுகொண்டான்.

தூங்கிக்கொண்டிருந்தவனுக்குப் பெயர் கொட்டாவி. வீட்டில் வேலை அதிகமா, உடம்புக்கு ஏதாவதா என்று ஆசிரியர்கள் ஆரம்பத்தில் விசாரித்தார்கள். ஒன்றும் இல்லை. தூக்கம் வந்தது, தூங்கினான். வரலாறு, அறிவியல், இலக்கணம் என்று பாரபட்சம் பார்க்காமல் எல்லாப் பாடவேளைகளிலும் தூங்கினான். பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் விழித்திருந்து படித்துத் தேறிவிடுவான். இந்த ஆசாமியை எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஏன் என்று லீடருக்கு விளங்கவே இல்லை. லீடர் மேசையைத் தட்டி “அமைதி!” என்று கத்தினால் சந்தைக்கடை இன்னும் சூடு பிடிக்கும். யாராவது “ஏய், கொட்டாவி தூங்கறான்” என்று சொன்னால் போதும், வகுப்பு முழுக்கக் குரலைத் தாழ்த்திக்கொள்ளும். வெயில் முகத்தில் பட்டால் ஜன்னலைச் சாத்துவதற்கு ஆள் இருந்தார்கள். மதிய உணவில் அவனுக்கென்று ஒரு பங்கு எடுத்துவைக்கப்பட்டது. அவன் எழுந்து, சோம்பல் முறித்து, “என்ன, பெல் அடிச்சாச்சா?” என்று கேட்டால் உலகத்திலேயே இல்லாத நகைச்சுவையைக் கேட்ட மாதிரி சிரிப்பார்கள். லீடரும் அந்தக் கேள்வியை ஒருமுறை, அதே தொனியில், கேட்டுப் பார்த்தான். “இன்னும் பத்து நிமிஷம் இருக்கு” என்று பதில் வந்தது.

வயிறு எரிகிறது என்று சொல்வார்கள். லீடருக்கு எரிச்சல் காதுமடல் வரைக்கும் ஏறியது. பொறாமைப்பட ஒரு தகுதி வேண்டாமா? தன்னைவிட நன்றாகப் படிக்கிறவன், நன்றாக ஓடுகிறவன் என்றால் சரி, மரியாதையாகப் பொறாமைப்படலாம். ஒருத்தன் தூங்குவதைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டியிருக்கிறதே என்பதுதான் அவனை அதிகம் அரித்தது.

சனிக்கிழமை மதியம் கொட்டாவி லீடரின் வீட்டுக்கே வந்து நின்றான்.

“என்ன பண்றதுன்னு தெரியலடா. ஏழு வருஷத்தைத் திரும்பிப் பார்க்கணுமாம். திரும்பிப் பார்க்க முதல் தடவை பார்த்திருக்கணும்ல? நீதானே முழிச்சிருந்த. நடந்ததைக் கொஞ்சம் சொல்லேன்.”

லீடர் பதில் சொல்வதற்குள் அம்மா சமையலறையிலிருந்து வந்துவிட்டாள். “வாப்பா, வா. இவன் உன்னைப் பத்திச் சொல்லிட்டே இருப்பான்” என்றாள். என்ன சொல்வான் என்பதைச் சொல்லவில்லை. டீ வந்தது, பிஸ்கட் வந்தது. கடைசியில் உள்ளேயிருந்து ஒரு தலையணையும் வந்தது.

“பாவம், புள்ளைக்குக் கண்ணெல்லாம் சொருகுது. சாஞ்சுக்கப்பா.”

அது லீடரின் தலையணை. பதினேழு வயதுக்குள் அம்மா ஒருநாள்கூட அவனைச் சாய்ந்துகொள்ளச் சொன்னதில்லை. உட்கார்ந்தால் “ஏன்டா உக்காந்திருக்க, பால்பாக்கெட் வாங்கிட்டு வா” என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

“அம்மா, அவன் வேலையா வந்திருக்கான்.”

“வேலைன்னா சாஞ்சுட்டுப் பண்ணக் கூடாதா? நீ ஏன் மொறைக்கிற?” என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

லீடர் உண்மையிலிருந்துதான் தொடங்கினான். அதை அவன் சார்பில் சொல்லியாக வேண்டும். வருகைப்பதிவை ஒழுங்குபடுத்தியது, சாக்பீஸ் சிக்கனத் திட்டம், உயர வரிசைப்படி உட்காரவைத்த சீர்திருத்தம் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னான். சாக்பீஸ் பாதியில் இருக்கும்போதே கொட்டாவியின் தலை தலையணையில் இறங்கியது. சீர்திருத்தத்தின்போது லேசான குறட்டை கேட்டது.

லீடர் அந்த முகத்தைப் பார்த்தான். வாய் சற்றுத் திறந்து, கவலையில்லாமல், அடுத்தவன் தலையணையில் அமிழ்ந்து கிடந்த முகம். அந்த நிமிஷத்தில்தான் கழுதை பிறந்தது.

“டேய், எழுந்திரு. முக்கியமானதை மறந்துட்டேன். ஒன்பதாம் வகுப்புல கழுதை வந்துச்சே, அது தெரியாதா உனக்கு?”

கொட்டாவி ஒரு கண்ணைத் திறந்தான். “கழுதையா?”

“மழை நாள். எங்கேயிருந்தோ வந்து மாடிப்படி ஏறி, நேரா கெமிஸ்ட்ரி லேபுக்குள்ள போயிடுச்சு. ஏறத் தெரிஞ்சுது, இறங்கத் தெரியலை. படியைப் பார்த்தா காலை ஊணிட்டு நிக்குது.”

இரண்டாவது கண்ணும் திறந்தது. “அப்புறம்?”

அந்த ‘அப்புறம்’ லீடரை என்னவோ செய்தது. ஏழு வருடங்களில் அவனைப் பார்த்து யாரும் ‘அப்புறம்’ என்று கேட்டதில்லை. ‘போதும்’ என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அவன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் கதையில் இப்போது வெளியே ஆய்வு அதிகாரியின் கார் வந்து நின்றது. லேபின் கறுப்புத் திரையைக் கழற்றிக் கழுதையின் கண்ணைக் கட்டினார்கள். நீளமான மேசையைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் கழுதையை ஏற்றி, வகுப்பே சேர்ந்து தூக்கிக்கொண்டு படியிறங்கியது. அதிகாரி முன்படியில் ஏறும்போது கழுதை பின்படியில் இறங்கியது. சொல்லச் சொல்ல லீடருக்கே மூச்சு வாங்கியது. இது ஒரு பொறி என்பதையே ஒரு கணம் மறந்துவிட்டான். கொட்டாவி தலையணையைத் தள்ளிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

“நான் எங்கடா இருந்தேன்?”

“எங்க இருப்ப? தூங்கிட்டிருந்த.”

“சே! நீ?”

லீடர் உஷாரானான். பொய் வெடிக்கிற இடத்தில் தான் நிற்கக் கூடாது. “நான் அதுல இல்ல. என்னை விடு. நான் சொன்னேன்னும் சொல்லாத.”

“பெருமையே வேணாங்கற பாரு, உனக்கு நல்ல மனசுடா” என்று கொட்டாவி அவன் தோளைத் தட்டினான்.

அவன் போன பிறகு லீடர் கணக்குப் போட்டுப் பார்த்தான். மேடையில் கொட்டாவி கழுதையை அவிழ்த்துவிடுவான். கூட்டம் ஒருவரையொருவர் பார்க்கும். யாராவது ஒருவர் “என்னடா உளர்றான்?” என்பார். ஊளை எழும். தலைமையாசிரியர் எழுந்து மைக்கைப் பிடுங்குவார். அவமானத்தில் அவன் இறங்கி வரும்போது, நெருக்கடியில் வகுப்பைக் காப்பாற்ற, தயார்நிலையில் இருக்கும் ஒரே உரையுடன், முன்வரிசையிலிருந்து ஒருவன் எழுவான். அவன் யார் என்று சொல்லத் தேவையில்லை.

விழா நாளில் அரங்கம் நிறைந்திருந்தது. முதலில் பரிசுகள். ஏழு வருடமும் ஒருநாள்கூட விடுப்பு எடுக்காததற்காக லீடருக்கு ஒரு மெடல் கிடைத்தது. கைதட்டல், கொசு அடிக்கிற அளவுக்கு வந்தது. பிறகு கொட்டாவியின் பெயரைச் சொன்னார்கள். அவன் எழுந்து நிற்பதற்கே விசில் பறந்தது. லீடர் மெடலைத் தடவிக்கொண்டே காத்திருந்தான்.

“எல்லாருக்கும் வணக்கம்” என்றான் கொட்டாவி. “ஏழு வருஷத்தைப் பத்திப் பேசச் சொன்னாங்க. பெரும்பாலும் நான் இல்லை.” சிரிப்பு. “ஆனா நீங்க இருந்தீங்க. ஒன்பதாம் வகுப்புல ஒரு மழை நாள், மாடி லேபுக்கு ஒரு கழுதை வந்துச்சு. வழக்கம்போல நான் தூங்கிட்டேன். நீங்கதான் அதைத் தூக்கிட்டு இறங்கினீங்க.”

பிறகு மொத்தக் கதையையும் சொன்னான். கண் கட்டியது, மேசை, முன்படி, பின்படி. சொல்லி முடித்தபோது அரங்கம் சத்தமே இல்லாமல் இருந்தது. லீடர் நாற்காலி நுனிக்கு வந்தான். ‘இதோ, இப்போ.’

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் துள்ளி எழுந்தாள். வகுப்பில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். நிறுத்தும் பொத்தான் கிடையாது.

“ஐயோ, ஆமா! எப்படி மறந்தேன்! அது என் துப்பட்டாவைக் கடிச்சுதே!”

“கடிச்சது உன்னோடதா? நான்டீ இழுத்துக் காப்பாத்தினது!” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“பின்காலைப் பிடிச்சது நான்” என்று ஒரு குரல். “இடது பின்கால்தானே? வலது நான்.” “போடா, வலது நாங்க மூணு பேரு.” ஒட்டடைக்குச்சி எழுந்து நின்று, “உயரமா இருக்கேன்னு என்னை வாலைப் பிடிக்கவிட்டீங்களே, பாவிகளா! ஒரு வாரம் கை நாறுச்சு” என்றான். அரங்கம் அதிர்ந்தது.

லீடர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். “டேய், நீ எப்படா வாலைப் பிடிச்ச?”

“நீ பார்க்கலையா? கடைசிப் படில அது உதைச்சதுகூட என்னைத்தான்டா” என்ற ஒட்டடைக்குச்சி பேன்ட்டைச் சுருட்டி முழங்காலைக் காட்டினான். அங்கே உண்மையிலேயே ஒரு தழும்பு இருந்தது. சைக்கிளில் விழுந்த தழும்பு. விழுந்தபோது தூக்கிவிட்டவன் லீடர்.

கெமிஸ்ட்ரி டீச்சர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார். “எவ்வளவு சாதுவான பிராணி! என் கையைத்தான் முதல்ல முகர்ந்து பார்த்துச்சு. அந்த சமயம் சிரிச்சா பசங்களுக்கு இடம் கொடுத்த மாதிரி ஆயிடும்னு அடக்கிக்கிட்டேன்.”

கடைசியில் தலைமையாசிரியர் மைக்கை வாங்கினார். லீடருக்கு உயிர் வந்தது. தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார்.

“ஒரு சின்னத் திருத்தம்” என்றார். “அது கழுதை அல்ல. கோவேறு கழுதை. விஷயம் வெளியே கசியாமல் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் எனக்குத் தெரியும்.”

கைதட்டலில் கூரை அதிர்ந்தது. லீடர் எழுந்தான். அவன் குரல் கிறீச்சிட்டது.

“சார்! அப்படி ஒண்ணு நடக்கவே இல்லை சார்!”

எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். கோபமாக அல்ல, பரிதாபமாக.

“நீ அன்னிக்கு லீவா இருந்திருப்பப்பா” என்றார் கெமிஸ்ட்ரி டீச்சர்.

“நான் லீவே போட்டதில்ல டீச்சர்! இப்பதானே மெடல் கொடுத்தீங்க!”

தலைமையாசிரியர் அந்த மெடலைச் சந்தேகத்தோடு பார்த்தார். “அப்படின்னா வருகைப்பதிவுல எங்கேயோ கோளாறு நடந்திருக்கு. அதை அப்புறம் பார்ப்போம். உக்காரு.”

“சார், அந்தக் கதையைச் சொன்னதே நான்தான்! நானா இட்டுக்கட்டினது!”

“வந்துட்டான்யா” என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். “இதையும் இவர்தான் பண்ணினாராம். சாக்பீஸ் இவரு, பெஞ்சு இவரு, இப்ப கழுதையும் இவரு.”

மேடையிலிருந்து கொட்டாவி கையை உயர்த்தினான். “இல்லைங்க, அவன் சொல்றது உண்மை.” லீடருக்குக் கண் கலங்கிவிட்டது. “எனக்கு இதையெல்லாம் சொன்னது அவன்தான். பேர் வேணாம்னு கேட்டுக்கிட்டான். அதான் சொல்லலை.”

“பார்த்தியா” என்றாள் ரேடியோ, லீடரைப் பார்த்து. “நடந்தது தெரிஞ்சுதானே அவனுக்குச் சொல்லியிருக்க? நாங்க தூக்கினோம்னதும் பொறுக்கலையா உனக்கு? எங்களுக்குன்னு இருக்கறது இந்த ஒரே ஒரு ஞாபகம். அதையும் பிடுங்கணுமா?”

அவள் சொன்னதில் எங்கே தப்பு என்று லீடருக்குத் தெரியும். அதைக் கேட்பதற்கு அரங்கத்தில் ஆள் இல்லை.

“கோவேறு கழுதையைத் தூக்கினவங்க எல்லாரும் மேடைக்கு வாங்க” என்று தலைமையாசிரியர் அழைத்தார். “ஒரு போட்டோ எடுத்து வராந்தாவில் மாட்டிடுவோம்.”

நாற்காலிகள் உருண்டன. வகுப்பே மேடையேறியது. நான்கு காலுக்கும் ஆள் சேர்ந்துகொண்டே போனதில் முன்காலுக்கும் பின்காலுக்கும் தனித்தனி வரிசை போட வேண்டியிருந்தது. காதுகளுக்கு இரண்டு பெண்கள். திரையைக் கழற்றியதற்கு ஒருவன், கழற்றச் சொன்னதற்கு ஒருவன். எதையுமே பிடிக்காத கொட்டாவியை நட்டநடுவில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். யாரோ அவன் காலரைச் சரிசெய்தார்கள். யாரோ தலையைக் கோதிவிட்டார்கள். டீச்சர் வியர்வையைத் துடைத்துவிட்டார்.

கீழே காலி நாற்காலிகளுக்கு நடுவில் லீடர் மட்டும் நின்றான். அந்தக் கழுதையின் ஒவ்வொரு மயிரையும் அவன்தான் உண்டாக்கினான். அதன் கண்ணைக் கட்டியது அவன், மழை பெய்யவைத்தது அவன், ஆய்வு அதிகாரியைக் காரில் வரவழைத்தது அவன். அவனுக்கு அதில் ஒரு குளம்புகூட இல்லை.

போட்டோகிராபர் கேமராவிலிருந்து தலையை எடுத்தார். “தம்பி, நீங்க இதுல இல்லையா?”

“இல்ல.”

“அப்ப கொஞ்சம் ஓரமா நில்லுங்க. நிழல் விழுது.”

லீடர் ஓரமாகப் போனான். மேடையில் எல்லோரும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, தூக்கிய கதையை மறுபடியும் ஆளாளுக்குச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அது நன்றாகத்தான் இருந்தது. அவன் சொன்னதைவிட நன்றாக இருந்தது. மெடலைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். மூன்று படி ஏறி, ஒட்டடைக்குச்சிக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

“நானும் இருந்தேன்” என்றான்.

“இப்பதானே நடக்கவே இல்லைன்ன?”

“மறந்துட்டேன்.”

“அட, அப்படிச் சொல்லு! எதைப் பிடிச்ச நீ?” என்று ரேடியோ ஆவலாகக் கேட்டாள்.

லீடர் சுற்றிலும் பார்த்தான். கால்கள் போய்விட்டன. காதுகள் போய்விட்டன. வால் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

“கதவை” என்றான். “நீங்க வெளிய வரும்போது கதவைப் பிடிச்சுக்கிட்டது நான்தான்.”

கதவை வாட்ச்மேன் பிடித்துக்கொண்டிருந்ததாக நிறையப் பேருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.